நடிகர் குறிப்பு எழுதும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த மாதிரிக் குறிப்புகளும் கிடைத்தன. 'வள்ளி திருமணம்' உங்கள் ஊர் மன்றத்தில் மேடையேறுவது மகிழ்ச்சி. ஆனால் குறிப்புகளைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன்: ஆறு நடிகர்களுக்கும் ஒரே குறிப்புதான் எழுதியிருக்கிறாய். "சிறு வயது முதலே கலை ஆர்வம், 30 ஆண்டு அனுபவம், 10,000 மேடைகள்." பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால் யாருக்கும் பொருந்தும்.

முதலில் அந்தப் பத்தாயிரத்தைக் கொஞ்சம் வகுத்துப் பார். 30 ஆண்டுக்குப் பத்தாயிரம் என்றால் ஆண்டுக்கு 333 இரவு. கோயில் திருவிழாவை நம்பி நடக்கும் தொழில் இது. பங்குனியில் சூடுபிடித்தால் ஆடி வரை ஓடும், அப்புறம் தேதிகள் உதிரியாகத்தான் வரும். நடிகர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. நோட்டீஸில் அச்சாகிற எண் அது, அவருக்கே பழகிப்போயிருக்கும். நீ எண்ணைக் கேட்காதே. சென்ற பங்குனியில் எத்தனை தேதி, சித்திரையில் எத்தனை என்று கேள். அது அவருடைய டைரியிலேயே இருக்கும்.

இந்த நாடகத்தை ஏன் 'ஸ்பெஷல் நாடகம்' என்கிறார்கள் என்பதை உன் வாசகருக்கு விளக்காமல் குறிப்பைத் தொடங்க முடியாது. இது ஒரு கம்பெனி அல்ல. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துகிறார்கள். நாயகனாக வரும் ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், சிரிக்க வைக்கும் பபூன் வேறொரு மாவட்டம். விழாக் கமிட்டி ஏஜெண்டைப் பார்த்து, தேதி வாங்கி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகும். அவரவர் உடைப்பெட்டியும் மேக்கப் பெட்டியும் அவரவரே சுமந்து வருகிறார்கள். ஒத்திகை கிடையாது. வள்ளியும் வேலனும் அன்றிரவுதான் முதன்முறையாகச் சந்திக்கிறார்கள் என்பதுகூட நடக்கக்கூடியதுதான்.

அப்படியிருந்தும் நாடகம் விடிய விடிய சிக்கலில்லாமல் ஓடுகிறதென்றால் காரணம் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அமைத்த சட்டகம். பாட்டும் விருத்தமும் எழுதியபடி எல்லோருக்கும் மனப்பாடம். வசனம் அவரவர் சாமர்த்தியம். ஒருவர் எந்த அடியில் முடித்தால் அடுத்தவர் எதை எடுக்க வேண்டும் என்பது தெரியும், நடுவில் எவ்வளவு பேசினாலும் அந்த இடத்துக்குத் திரும்பிவிடலாம். ஆகவே இவர்களுடைய பின்னணியைக் கேட்கும்போது முதல் கேள்வி 'பாடம் யாரிடம்?' என்பதுதான். எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி என்பதெல்லாம் அப்புறம்.

அதற்குப் பொதுவாக நான்கு விதமான பதில் வரும். தாய் தகப்பன் நடிகர்கள், பெட்டிக்குப் பக்கத்தில் தூங்கியே பாட்டு ஏறிவிட்டது என்பது ஒன்று. ஊர் இளைஞர்களைச் சேர்த்து நாடகம் பழக்கிய வாத்தியாரிடம் படித்தது இன்னொன்று. பக்கவாத்தியமாக உட்கார்ந்து, கேட்டுக் கேட்டே மேடையில் எழுந்தவர்கள் உண்டு. நாலாவது, பெண்களில் பலரும் வந்த பாதை: டான்ஸ் வேடத்தில் சேர்ந்து, வள்ளியின் பாட்டுகளையும், பாட்டும் பேச்சுமாக எதிராளியோடு வாதாடும் தர்க்கத்தையும் கற்றபின் ஸ்திரீபார்ட் ஆவது. இந்த மாற்றம் நடந்த வருடத்தை அவசியம் குறித்துக்கொள். அவருடைய தொழில்வாழ்க்கையில் சம்பளமும் நோட்டீஸில் பெயர் வரும் இடமும் மாறிய வருடம் அதுதான். உன் குறிப்பில் "நடனத்திலும் வல்லவர்" என்று ஒரு பொழுதுபோக்கைப் போல எழுதியிருக்கிறாய். அவருக்கு அது பொழுதுபோக்கில்லை, ஏறி வந்த படி.

"பாய்ஸ் கம்பெனியில் பயின்றவர்", அதாவது சிறுவர்களைச் சேர்த்து நாடகம் பழக்கிய கம்பெனியில் இருந்தவர் என்று ஒருவருக்கு எழுதியிருக்கிறாய். அவருக்கு 60 வயது என்கிறாய். காலம் ஒத்துவரவில்லை. சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியது 1918-இல். பின்னாளில் பேர்பெற்ற நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே சேர்ந்தபோது அவர்களில் ஒருவரான சண்முகத்துக்கு வயது ஆறு. பிறகு 1925-இல் அவர்கள் சொந்தச் சபா கண்டார்கள். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இருந்ததும் பேசும்படம் பரவுவதற்கு முந்திய காலத்தில். உன் நடிகர் அந்தக் கம்பெனிகளில் இருந்திருக்க முடியாது. அவருடைய வாத்தியார், அல்லது வாத்தியாருக்கு வாத்தியார் இருந்திருப்பார். மேடையில் 'நாங்கள்' என்று சொல்வது பரம்பரையைச் சேர்த்துத்தான். நாம் அதை 'நான்' என்று எழுதிவிடுகிறோம். திரும்பக் கேட்டுத் திருத்து.

வருடங்களை எப்படிக் கேட்பது என்று எழுதியிருந்தாய். "எந்த வருடம் மேடையேறினீர்கள்?" என்றால் பதில் வராது, வந்தாலும் நம்ப முடியாது. "எம்.ஜி.ஆர். இறந்ததற்கு முன்னாலா பின்னாலா?" என்றால் 1987-க்கு இந்தப்பக்கமா அந்தப்பக்கமா என்று தெளிந்துவிடும். முதல் ஜோடி யார், அன்று ஹார்மோனியத்தோடு பின்பாட்டுப் பாடியவர் யார் என்றும் கேள். கூட நடித்தவரிடம் அதே கேள்வியைப் போட்டால் இரண்டு பதிலும் சந்திக்கிற இடம் கிடைக்கும். நடிகர் சங்கத்தில் சேர்ந்த தேதியும் நல வாரிய அட்டையும் எழுத்துச் சான்று. பழைய நோட்டீஸ் இருந்தால் தேதி, ஊர், உடன் நடித்தவர் எல்லாம் அதிலேயே அச்சாகியிருக்கும். பட்டங்களை மட்டும் அதிலிருந்து அப்படியே எடுக்காதே. அச்சகத்துக்காரர் அன்பாகச் சேர்ப்பது ஒரு வகை, இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக அரசு தரும் கலைமாமணி வேறு வகை. வருடம் சொல்ல முடிந்த விருதை மட்டும் போடு.

பெயருக்கு முன்னால் வரும் ஊரை வெட்டாதே. எஸ்.ஜி. கிட்டப்பாவின் எஸ் செங்கோட்டை. கே.பி. சுந்தராம்பாளின் கே கொடுமுடி, பி என்பது தாயார் பாலாம்பாள். இரண்டு எழுத்தில் பின்னணியே அடங்கிவிடுகிறது. ஆனால் இன்று அந்த ஊர் பிறந்த ஊராகவும் இருக்கலாம், தேதி வாங்கச் சௌகரியம் என்று குடிவந்த, நடிகர் சங்கம் இருக்கும் ஊராகவும் இருக்கலாம். இரண்டையும் கேட்டுக்கொள். பெண் நடிகர்களுக்குத் தெருப் பெயர், குடும்ப விவரம் எதுவும் வேண்டாம். மேடைப் பெயரும் சங்க ஊரும் போதும். நாடகக்காரி என்ற பேச்சுக்குப் பயந்து, பிள்ளைகள் படிக்கும் பள்ளியில்கூடத் தொழிலைச் சொல்லாத குடும்பங்கள் இருக்கின்றன. அச்சிடுமுன் அவரிடமே படித்துக் காட்டிவிடு.

இன்னொன்று, 'நாட்டுப்புறக் கூத்துக் கலைஞர்கள்' என்று தலைப்பு வைத்திருக்கிறாயே, அதை எடுத்துவிடு. வட மாவட்டத் தெருக்கூத்து ஜமா, அதாவது கூத்துக் குழு, வேறு மரபு. அங்கே பெண் வேடமும் ஆண்களே கட்டுவது வழக்கம், குழு நிலையானது. இவர்கள் தங்களை இசை நாடக நடிகர்கள் என்றே சொல்வார்கள். 'கூத்து' என்று அச்சிட்டால் முகம் சுளிப்பார்கள். கூத்துக்காரர்களும் ஒப்ப மாட்டார்கள்.

குரலைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. யார் எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதி உயரத்தில், பாடுகிறார் என்பது இந்தத் தொழிலில் அடையாள அட்டை மாதிரி. தனிக் கச்சேரியில் ஆண் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பெண் ஐந்து, ஐந்தரையிலும் வசதியாகப் பாடலாம். தர்க்கத்தில் அது நடக்காது. நாரதரும் வள்ளியும் மாறி மாறி எடுக்கும்போது சுருதி ஒன்றுதான். பெரும்பாலும் ஒருவர் தன் வசதிக்கு மேலேயோ கீழேயோ போயாக வேண்டும். விட்டுக்கொடுப்பது யார் என்பதில் மூப்பும் இருக்கிறது, மார்க்கெட்டும் இருக்கிறது. இரவு பூராவும் கட்டை மீறிப் பாடினால் விடியும்போது ஸ்திரீபார்ட்டின் குரல் கம்மிவிடும். அடுத்த நாள் வேறு ஊரில் தேதி இருக்கும். குரல் தளர்ந்தபின் பலர் வள்ளியின் தகப்பன் நம்பிராஜன் வேடத்துக்கு நகர்கிறார்கள், பாடம் சொல்லித் தருகிறார்கள், ஏஜெண்டாகிறார்கள். உன் நம்பிராஜனிடம் முன்பு என்ன பார்ட் போட்டார் என்று கேள். பழைய வேலன் ஒருவர் அகப்படலாம்.

பபூனுக்கு இரண்டே வரிதான் கொடுத்திருக்கிறாய், நாடகத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்க அவருடைய பகுதியையும் வெட்டிவிட்டீர்கள் என்கிறாய். வெட்டுவது உங்கள் வசதி. ஆனால் பத்து மணிக்கு மேல், கதை தொடங்கும் முன்பே, கலைந்து கிடக்கும் கூட்டத்தை உட்கார வைப்பது அவர் ஒருவர்தான். நாரதர் வருவதற்குள் ஊரின் மனநிலை என்ன, எதற்குச் சிரிப்பார்கள், எதற்குக் கல் வரும் என்பதைக் கண்டுபிடித்து மற்றவர்களுக்குச் சொல்வதும் அவரே. அவருடைய குறிப்பு ராஜபார்ட்டின் குறிப்பை விடக் குறையக் கூடாது.

பட்டியலில் ஹார்மோனியம், மிருதங்கம், பல தாள வாத்தியங்களை வாசிக்கும் ஆல்ரவுண்ட், தாளம் நால்வரும் இல்லை. ஒத்திகையில்லாத நாடகத்தில் பாதை தவறியவரைக் கைபிடித்துத் திருப்புவது ஹார்மோனியக்காரர்தான். பாட்டின் முதல் அடியைத் தானே எடுத்துக் கொடுத்துவிடுவார், சபைக்குத் தெரியாது. நால்வர் பெயரும் ஊரும் வாங்கிச் சேர்த்து, திருத்திய படியை அனுப்பு. அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்