கயிற்றை அறுக்காதே என்றவருக்கு

நியூ மெக்சிகோவின் சாந்தா ஃபேயில் எங்கள் தெருவாருக்கும், எங்கள் கைவினைப் பொருள் கடைக்கு வந்துபோகும் அனைவருக்கும்,

கடைக்குள் தண்ணீர் புகுந்த அந்த இரவைப் பற்றி மறுபடியும் எழுதப்போவதில்லை. பாதிப் பேர் நேரிலேயே பார்த்தீர்கள். மீதிப் பேருக்கு அவர்கள் சொல்லியிருப்பார்கள். தரையில் இன்னும் ஈரவாடை போகவில்லை. நன்றியை ஆறப்போட்டால் சம்பிரதாயமாகிவிடும் என்ற பயத்தில் இப்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி, மூன்று கடை தள்ளிச் சலவைக் கடை வைத்திருக்கும் அம்மாவுக்கு. தன் பெயரை எங்கும் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இத்தனை பெயர்களைக் காப்பாற்றிக் கொடுத்தவர் தன் பெயரை மட்டும் மறைக்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பெரியவர் சொல்லாயிற்றே, என்ன செய்வது?

ஒன்பது வருடமாக அக்கம்பக்கத்தில் இருந்தும் அவர் எங்கள் கடைக்குள் கால் வைத்ததில்லை. "அதெல்லாம் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு" என்பார். அன்று விடியற்காலை அவர் வந்தபோது நான் கையில் கத்தரிக்கோலுடன் நின்றிருந்தேன். பொருள்களில் கட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளிலிருந்து மை கரைந்து, கம்பளங்களிலும் மரச் சிற்பங்களிலும் கறையாக இறங்கிக்கொண்டிருந்தது. பொருளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சீட்டுகளை வெட்டி வெட்டி ஒரு வாளியில் போட்டுக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய முப்பது வெட்டியிருப்பேன்.

"கயிற்றை அறுக்காதே மகளே!"

வாசலில் நின்றபடி அவர் சொன்ன முதல் வார்த்தை அது. சலவைக் கடையில் துணியில் குத்திய எண் சீட்டை, சாயம் போனாலும் சரி, துணியே கிழிந்தாலும் சரி, உரியவர் கையில் கொடுக்கும்வரை கழற்ற மாட்டார்களாம். கழற்றிவிட்டால் அந்தச் சட்டை யாருடையது என்று யார் சொல்வது?

பிறகு திரும்பிப் போய் இஸ்திரிப் பெட்டியையும் பலகையையும் ஒரு கட்டு வெள்ளைத் துணியையும் எடுத்துவந்தார். சீட்டைப் பொருளிலிருந்து பிரிக்காமலே, மேலும் கீழும் துணி வைத்து, இளஞ்சூட்டில் ஒற்றி ஒற்றி எடுத்தார். மெக்சிகோவின் தில்காஹேத்தே ஊரில் கொப்பால் என்ற மரத்தில் செதுக்கிய ஓநாய் ஒன்று, காது குத்திக்கொள்ளும் குழந்தைபோல் தலையைச் சாய்த்துப் பலகையில் கிடந்தது. அந்த நாளில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான். மறுநாள் மாலைவரை அவர் கடை திறக்கவில்லை.

சீட்டில் என்ன இருக்கிறது? செய்தவர் பெயர், ஊர், அவருக்கு நாங்கள் கொடுத்த தொகை. நியாய வணிகம் என்று பலகையில் எழுதிக்கொள்வதற்கு என்னிடம் இருக்கும் ஆதாரம் இந்தத் துண்டுக் காகிதம்தான். கணக்குப் புத்தகம் தப்பித்தது. ஆனால் எந்தக் கம்பளம் யார் நெய்தது என்று கணக்குப் புத்தகம் சொல்லாது.

1976இல் இதே நியூ மெக்சிகோவின் டெமிங் ஊரில், பழைய சாமான் கடையொன்றில் கையெழுத்தில்லாத மூன்று பானைகளைப் பார்த்தார் ஸ்பென்சர் மெக்காலம். செய்தவரைத் தேடி எல்லை தாண்டிச் சிவாவா மாநிலத்துக்குப் போய், மாத்தா ஓர்த்தீஸ் கிராமத்தில் ஹுவான் கெசாதாவைக் கண்டுபிடித்தார். அந்தக் குயவருக்கு 1999இல் மெக்சிகோவின் தேசியப் பரிசு கிடைத்தது. இந்தக் கதையை வாடிக்கையாளர்களுக்கு அலுக்காமல் சொல்பவள் நான். அப்படிப்பட்ட நான்தான் கத்தரிக்கோலும் கையுமாக நின்றேன்.

பெருவின் அயகூச்சோவிலிருந்து வந்த ரெத்தாப்லோக்களில், அதாவது உள்ளே சிறு பொம்மைகள் அடுக்கிய பெட்டிகளில், இரண்டு முழுக்கப் போய்விட்டன. உருளைக்கிழங்கு மாவும் ஜிப்சமும் சேர்த்துப் பிசைந்த பொம்மைகள் அவை. தண்ணீரில் எத்தனை நேரம் நிற்கும்? அந்த ஊர் ரெத்தாப்லோ கலைஞர் ஹோவாகின் லோபெஸ் அந்தாய்க்கு 1975இல் பெரு நாடு தேசியப் பண்பாட்டுப் பரிசு கொடுத்தபோது, இது கைவினைதானே, கலையா என்று ஓவியர்கள் சிலர் சண்டைக்கு வந்தார்கள். எனக்கு அந்தச் சண்டை எப்போதுமே புரிந்ததில்லை. கரைந்துபோன பெட்டிகளின் சீட்டுகள் இனி எதற்கு என்றேன். அம்மா பதில் சொல்லாமல் அவற்றையும் தேய்த்து, மடிப்பில்லாமல் என் கையில் வைத்தார்.

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். பென்சிலில் எழுதிய பழைய சீட்டுகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நான் மைப் பேனாவில் எழுதியவைதான் கரைந்தன. இனி எங்கள் கடையில் பென்சில் மட்டும்தான்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். கம்பளங்களைத் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் இழுத்துக்கொள்ளும் என்று தன் மாவு மேசைகளை ஒழித்துக் கொடுத்த ரொட்டிக் கடைக்காரர். கறுப்பு மண்பாண்டங்கள் தண்ணீர் குடித்திருக்கும், ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாதே என்று போனிலேயே அதட்டிய மியூசியத்து நண்பர். தங்கள் புனிதர் சிலைகளை எடுத்துப்போக வந்து, மற்றவர்களுடையதையும் சேர்த்துச் சுமந்த சாந்தேரோக்கள், அதாவது புனிதர் சிலை செய்பவர்கள். மணல் மூட்டை தூக்கிய பள்ளிப் பிள்ளைகள். உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

மெக்சிகோவின் வஹாகாவிலிருந்து நெசவாளர்கள் செய்தி அனுப்பினார்கள்: அடுத்த ஆர்டருக்கான முன்பணம் மெதுவாக வரட்டும் என்று. படித்துவிட்டு அழுதேன். ஆனால் அந்தச் சலுகையை ஏற்கவில்லை. ஆர்டர் கொடுக்கும்போதே பாதித் தொகை என்பது எங்கள் வழக்கம், திங்கட்கிழமையே அனுப்பியாயிற்று. எனக்கு வந்த கஷ்டத்தில் அவர்களுக்குப் பங்கு வைக்க மாட்டேன், இந்த ஆண்டு மட்டுமல்ல, கடை இருக்கும்வரை.

நான் வெட்டிய முப்பதையும் பழைய புகைப்படங்களை வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்திவிட்டோம், ஒன்றைத் தவிர. வஹாகாவின் தெயோதித்லான் ஊரில் நெய்த, கொச்சினீல் பூச்சியின் சிவப்பில் தோய்ந்த கம்பளம். மித்லாவின் பழங்கற்சுவர்களில் இருக்கும் படிக்கட்டுக் கோலம். அந்த ஊரில் பல வீடுகளில் அதே கோலத்தை நெய்கிறார்கள். குத்துமதிப்பாக ஒரு பெயரைப் போட மனம் வரவில்லை. படம் எடுத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை வெற்றுச் சீட்டுடன் சுவரில் கிடக்கும், விலைக்கு இல்லை.

சலவைக் கடை அம்மா தினமும் மாலையில் எட்டிப் பார்த்து, பெயர் கிடைத்ததா என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவருடைய இஸ்திரிப் பலகை இன்னும் எங்கள் கடையில்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்கவில்லை.