வீட்டு அடுப்பில் சாராயம்

ஆசிரியருக்கு,

கசிப்பு (கள்ளச் சாராயம்) சுற்றிவளைப்பு பற்றிய உங்கள் செய்தியில் பிடிபட்ட லீற்றர் கணக்கு இருந்தது, ஆபத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சாராய விலை ஏறியதும் யூடியூப் பார்த்து வீட்டிலேயே வடிக்கப் பழகும் இளைஞர்கள் பயப்படுவது பொலிஸுக்கு மட்டும்தான்; 78 பாகையில் கொதிக்கும் எதனோலின் (சாராயத்தில் போதை தரும் பொருள்) ஆவி, குக்கரில் சின்னக் கசிவு இருந்தாலும் காஸ் அடுப்பில் பற்றிக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் ஒழுங்கையில் ஒரு பையன் இப்படித்தான் கையைச் சுட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் எண்ணெய் தெறித்தது என்றான் (யார் நம்புவது!). நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்பதும் வெறும் கதை, நஞ்சான மெதனோலும் நீலமாகத்தான் எரியும். அனுமதிப்பத்திரமில்லாமல் வடிப்பது குற்றம், சரி. அடுத்த முறை லீற்றர் கணக்கோடு இதையும் இரண்டு வரி போடுங்கள்.

வாசகர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13