சின்னம்மைத் தடுப்பூசியை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாகப் போடக் கோரும் மனு

அனுப்புநர்:
அங்கன்வாடிப் பணியாளர்,
நத்தம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரம் மற்றும் நோய்த் தடுப்பு மருந்துத் துறை,
சென்னை.

பொருள்: சின்னம்மைத் தடுப்பூசியை அரசு அட்டவணையில் சேர்க்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பதினாறு வருடமாக அங்கன்வாடி மையம் நடத்தி வருகிறேன். மாசி, பங்குனி வந்தாலே எனக்குப் பயம்தான். போன பங்குனியில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்று வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் முத்து போட்டுவிட்டது. அந்த வீட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. வாசலில் வேப்பிலை கட்டினார்கள், பிள்ளையை வெளியே விடவில்லை, வெளியாளை உள்ளே சேர்க்கவில்லை. அப்படியும் மூன்று வாரத்துக்குள் மையத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வந்தது. முத்து தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே இது தொற்றத் தொடங்கிவிடுமாம். வேப்பிலை கட்டும்போதே அம்மை அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறது.

பிள்ளைகள் தேறிவிட்டார்கள். அவர்களில் ஒருவனின் அப்பாதான் படாத பாடு பட்டார். மூட்டை தூக்கும் தொழிலாளி, சிறு வயதில் அம்மை காணாதவர். நிமோனியாவாகிப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதே தெருவில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி இருந்தாள். அவளுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதா என்று யாருக்கும் ஞாபகமில்லை. பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு வந்தால் பச்சைக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து என்றார் செவிலியர். குழந்தை நல்லபடியாகப் பிறக்கும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை ஐயா.

இதற்கு ஊசி இருக்கிறது. அமெரிக்காவில் 1995 முதலும் ஜப்பானில் 2014 முதலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு தவணை போடச் சொல்கிறது. ஆனால் தனியாரில் ஒரு ஊசிக்குச் சுமார் இரண்டாயிரம் ரூபாய். நூறு நாள் வேலைக்குப் போகும் தாய் எங்கே போவாள்?

வசதியுள்ளவர்கள் மட்டும் போட்டுக்கொள்வதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாதிப் பிள்ளைகளுக்குப் போட்டால் நோய் நிற்காது, பரவுவதுதான் மெதுவாகும். மீதிப் பிள்ளைகள் அம்மை காணாமலே வளர்ந்து, அந்த மூட்டைத் தொழிலாளியைப் போலப் பெரியவர்களான பிறகு மாட்டிக்கொள்வார்கள். அதனால்தான் நூற்றுக்கு 80 பேருக்காவது போட முடிந்தால் தொடங்குங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மால் முடியும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 89 குழந்தைகள் முழுத் தடுப்பூசி பெற்றிருக்கிறார்கள்.

தனி நாளும் தேவையில்லை. 16 முதல் 24 மாதத்தில் தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் ஊசிக்குப் புதன்கிழமை வரும் குழந்தைக்கு அன்றே முதல் தவணையைப் போடலாம். இரண்டாவதை 5 வயதில் முத்தடுப்பு ஊக்க ஊசியோடு போடலாம்.

ஆகவே மாநில நிதியில் இதைத் தொடங்க அரசுக்குப் பரிந்துரைக்கவும், தேசிய அட்டவணையில் சேர்க்க மத்திய அரசுக்கு எழுதவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாசிக்குள் உத்தரவு வந்தால், எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்துவருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அங்கன்வாடிப் பணியாளர்