தாத்தாவின் கயிறு

கோபே, ஜப்பான்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ, அப்பா, தம்பி, சித்தி வீட்டார் எல்லோரும் நலமா? பணம் போன வாரமே போட்டுவிட்டேன். வந்துவிட்டதா என்று தம்பியை ஒரு வார்த்தை சொல்லச் சொல்.

போனில் நீ கேட்டாயே, "ஒட்டுறதைப் பத்திப் படிக்கவா அம்புட்டுத் தூரம் போயிருக்க?" என்று. அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். அப்புறம் இரவெல்லாம் அதே நினைப்பு. எட்டு வருஷமாக நான் என்ன செய்கிறேன் என்று உனக்கு ஒருநாளும் உட்கார்ந்து சொன்னதில்லை. அது ஐந்து நிமிடப் பேச்சில் அடங்காது, அதனால் எழுதுகிறேன். தம்பி, நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டு. அம்மா கேட்டால் மறுபடி வாசி.

முதலில் ஊர். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் நீளவாக்கில் வீடுகள். வழி கேட்டால் மலைப்பக்கம், கடல்பக்கம் என்றுதான் சொல்கிறார்கள், நாம் வடகடல், தென்கடல் என்கிற மாதிரி. மேற்கே அக்காஷி பாலம், 1998-ல் திறந்தது, 3,911 மீட்டர். பாம்பன் பாலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதன் அடியில் ஓடும் நீரோட்டத்தைப் பார்த்தால் அப்பாவே வள்ளத்தைத் திருப்பிவிடுவார். அந்த ஓட்டத்தில் வளரும் பேய்க்கணவாய்க்குத்தான் இங்கே மவுசு. குளிர்காலத்துக் காற்று நம் வாடையைப் போல மூன்று பங்கு. சோறு குழைந்து ஒட்டிக்கொண்டிருக்கும்; முதல் மாதம் தொண்டையில் இறங்கவில்லை, இப்போது பழகிவிட்டது. நெத்திலிக் கருவாடு கடையில் கிடைக்கிறது. முதன்முதலில் அதைப் பார்த்த அன்று அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

நம் உடம்பு செல்களால் ஆனது என்று தம்பி படித்திருப்பான். ஒரு மில்லிமீட்டருக்குள் ஐம்பது செல் வரிசையாக உட்கார்ந்துவிடும், அவ்வளவு சின்னது. அப்படிக் கோடி கோடியாய் இருப்பது ஏன் கடற்கரை மணல் மாதிரி சரிந்துபோகவில்லை? ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது, அடியில் இருக்கும் தளத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடியைத்தான் நான் பார்க்கிறேன்.

தட்டில் வளரும் செல்களை வேறு தட்டுக்கு மாற்ற, ட்ரிப்சின் என்ற நொதியை ஊற்றுவோம். நீ தின்ற மீனைக் குடலில் செரிக்க வைப்பதும் அதுதான். அதோடு கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு மருந்தும் சேரும். ஊற்றிவிட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால், தரையில் பதித்த கல் மாதிரி நெருங்கிக் கிடந்தவை ஓரம் மினுங்க ஆரம்பிக்கும். மெல்ல மெல்ல உருண்டுகொள்ளும். பக்கத்துச் செல்லுக்கும் இதற்கும் நடுவில் நூல் மாதிரி ஒரு இழை மிச்சம் நிற்கும். அது நீண்டு, மெலிந்து, ஒரு நேரத்தில் விட்டுப்போகும். செல் மிதந்துவிடும். நூறு தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். அந்தக் கடைசி இழை விடுகிற நேரத்தில் இன்றைக்கும் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு தப்பு செய்தேன். சிறுநீரகச் செல்களை, அடியில் பூச்சு இல்லாத தட்டில் விட்டுவிட்டேன். உணவு இருந்தது, சூடு சரியாக இருந்தது, கிருமி எதுவும் நுழையவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பெரும்பாலானவை செத்துக் கிடந்தன. பிடிக்க எதுவும் இல்லாததால் வந்த சாவு அது. பட்டினி இல்லை, நோய் இல்லை. தன்னைத்தானே முடித்துக்கொள்கிற ஏற்பாடு செல்லுக்குள்ளேயே இருக்கிறது. 1994-ல் இதற்கு அனோய்கிஸ் என்று கிரேக்கத்திலிருந்து பெயர் வைத்தார்கள். வீடில்லாமல் போவது என்று பொருள். அன்று அறைக்குப் போனதும் உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொன்னேன்.

ஆக, பிடி என்பது விழாமல் இருக்க மட்டும் இல்லை. அதன் வழியாகச் சேதி போகிறது. இதைச் சொல்லத்தான் தாத்தாவை நினைத்துக்கொண்டேன்.

தாத்தா சங்கு குளிக்கப் போன கதையை நீதான் எனக்குச் சொன்னாய். இடுப்பில் கயிறு, மேலே வள்ளத்தில் அதைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா. கீழே என்ன நடக்கிறது என்று பெரியப்பாவுக்குக் கண்ணால் தெரியாது. கயிறு தொங்கலாக இருக்கிறதா, விறைப்பாக இருக்கிறதா, ஒரு இழுப்பா, படபடவென்று இழுப்பா, எல்லாம் கைக்குத் தெரியும். ஆளைத் தாங்குகிற கயிறுதான் சேதியும் சொன்னது. சேதிக்கென்று தனிக்கயிறு கிடையாது.

செல்லிலும் அப்படியேதான் அம்மா. இன்டெக்ரின் என்று ஒரு புரதம். செல்லின் சவ்வைத் துளைத்துக்கொண்டு பாதி வெளியே, பாதி உள்ளே நிற்கும். மனிதருக்கு 24 வகை. வெளிமுனை தளத்தைப் பிடிக்கும்; உள்முனையில் டாலின் என்ற இன்னொரு புரதம், அது செல்லுக்குள் ஓடும் இழைகளோடு கட்டியிருக்கும். செல் தன் பங்குக்கு இழுக்கும். தளம் இளக்கமாக இருந்தால் கூடவே வந்துவிடும், விறைப்பு ஏறாது. தளம் கெட்டியாக இருந்தால் டாலின் இழுபட்டு, சுருட்டி வைத்த கயிறு பிரிவது மாதிரி பிரியும். அதுவரை மூடிக் கிடந்த இடங்கள் திறக்கும். வின்குலின் என்ற மூன்றாவது ஆள் வந்து அங்கே பற்றிக்கொள்வான், பிடி பலப்படும். சேதி உள்ளே செல்லின் மையம்வரை போகும். சேற்றில் கால் வைத்தோமா, கடலடிப் பாறையான பாரில் கால் வைத்தோமா என்று கண் மூடியே உனக்குத் தெரியுமே, அதுதான் இது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஒரே மாதிரியான செல்களை மெத்தென்ற தளத்தில் விட்டால் நரம்புச் செல் போலவும், கெட்டியான தளத்தில் விட்டால் எலும்புச் செல் போலவும் மாறுவதை 2006-ல் காட்டினார்கள். கால் பட்ட இடம் ஆளையே மாற்றிவிடுகிறது. என் ஆராய்ச்சி இந்த டாலினைப் பற்றியது. எவ்வளவு இழுத்தால் எந்த இடம் திறக்கிறது என்று பார்க்கிறேன்.

செல்லும் செல்லும் கைகோக்கிற புரதம் வேறு. அதைக் கண்டுபிடித்தவர் இந்த நாட்டுக்காரர், மசாத்தோஷி தாகெய்ச்சி. கியோத்தோவில் வேலை செய்தவர், இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். 1970-களில் அமெரிக்காவுக்குப் போனவருக்கு ஒரு சிக்கல். கியோத்தோவில் நன்றாக ஒட்டிக்கொண்ட செல் அங்கே ஒட்டவில்லை. செல்களைப் பிரிக்க அங்கே பயன்படுத்திய கரைசல் கால்சியத்தை எடுத்துவிடுவது என்று தேடிக் கண்டுபிடித்தார். கால்சியம் இருக்கும்வரை கைகோக்கும் புரதத்தை ட்ரிப்சினால் அறுக்க முடியாது. அது போனால் கை அறுந்துவிடும். ஒரு வேலை கெட்டுப்போனதற்குக் காரணம் தேடப்போய் அவ்வளவு பெரிய விஷயம் கிடைத்திருக்கிறது. அந்தப் புரதத்துக்குக் கேட்ஹெரின் என்று பெயர். தளத்தைப் பிடிக்கிற புரதங்களை ஆராய்ந்த பின்லாந்துக்காரர் எர்க்கி ரூவோஸ்லாட்டியோடு சேர்த்து, 2005-ல் இவருக்கு ஜப்பான் பரிசு கொடுத்தார்கள்.

அப்பத்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயிற்றில் புற்று என்று தெரிந்தபோது மூன்று மாதம்கூட இல்லையே. அப்பத்தாவுக்கு வந்தது இந்த வகையா என்று நான் சொல்ல முடியாது, பார்த்தவர்கள் யாரும் அதைச் சோதிக்கவில்லை. ஆனால் நியூசிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பம், தலைமுறை தலைமுறையாக இளவயதிலேயே வயிற்றுப் புற்றில் ஆட்களைப் பறிகொடுத்தது. அவர்களே ஆராய்ச்சியாளர்களைத் தேடிப்போய், காரணத்தைக் கண்டுபிடியுங்கள் என்று கேட்டார்கள். 1998-ல் கண்டுபிடித்தார்கள்: ஒரு வகைக் கேட்ஹெரினைச் செய்கிற ஜீனில் பழுது. பக்கத்துச் செல்லின் கையை விட்டுவிட்ட செல் கூட்டத்தை விட்டுக் கிளம்புகிறது. இன்று அந்தப் பழுது யாருக்கு இருக்கிறது என்று ரத்தத்தில் பார்த்து, நோய் வருமுன்னே காப்பாற்றுகிறார்கள். ஒட்டுவதைப் பற்றிப் படித்து என்ன ஆகப்போகிறது என்று யாராவது கேட்டால், இதைச் சொல்.

இன்னொன்று, நீ கண்ணால் பார்க்கிற பொருள். பாசிக்கு முங்கும்போது பாரில் கடல் பஞ்சு ஒட்டிக் கிடக்குமே. 1907-ல் வில்சன் என்ற அமெரிக்கர் அதை எடுத்து, மாவு சலிக்கிற பட்டுத்துணி வழியாகப் பிழிந்தார். செல் செல்லாக உதிர்ந்து கலங்கல் தண்ணீராகிவிட்டது. கண்ணாடித் தட்டில் விட்டு வைத்தார். உதிர்ந்தவை ஊர்ந்து வந்து ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் முழுப் பஞ்சாக வளர்ந்தன. பிறகு சிவப்புப் பஞ்சையும் மஞ்சள் பஞ்சையும் கலந்து விட்டுப் பார்த்தபோது, சிவப்பு சிவப்போடும் மஞ்சள் மஞ்சளோடும் பிரிந்து சேர்ந்தன. கண் கிடையாது, மூளை கிடையாது, தொட்டே தன் ஆளைக் கண்டுகொள்கிறது.

போன மாதம் விடுமுறைக்குத் தோபா என்ற ஊருக்குப் போனேன். உன்னைப் போலவே கடலில் முங்குகிற பெண்கள் அங்கே இருக்கிறார்கள், அமா என்று பெயர். காற்று உருளை கிடையாது, மூச்சுப் பிடித்துத்தான். மேலே வந்ததும் உதட்டைக் குவித்து விசில் மாதிரி மூச்சு விடுகிறார்கள். நீ சின்னப்பாலத்துப் பக்கம் தண்ணீரிலிருந்து தலை தூக்கும்போது வருகிற அதே சத்தம், அம்மா. கரையில் நின்றுகொண்டு கண்ணை மூடிக் கேட்டேன். சிலர் வள்ளத்தில் புருஷனோடு போவார்களாம். இடுப்புக் கயிற்றை அவள் அசைத்ததும் அவர் மேலே இழுத்துவிடுவார்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவிடம் போனில் உன் படத்தைக் காட்டினேன். காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறாயே, அந்தப் படம். அதைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உன் விரலில் சுற்றியிருந்த துணியைத் தொட்டுக் காட்டி, தன் விரல்களை என் முன்னால் விரித்தார். கணுக்கள் தடித்து, நகம் தேய்ந்து, பார் கீறின வெள்ளைத் தழும்புகள். உன் கைதான் அது. வார்த்தை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் எடுக்கிற தெங்குசா என்ற பாசியும் நீ எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியும் ஒரே காரியத்துக்குத்தான், இரண்டிலும் அகர் என்ற, ஆறினால் கட்டியாகிற கூழைக் காய்ச்சலாம். இங்கே அதைக் கட்டியாக்கி, நூல் நூலாக நறுக்கி, கருப்பட்டிப் பாகு போன்ற ஒரு பாகை ஊற்றித் தருகிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கிற தட்டில் ஊற்றுவதும் அகர்தான். 1880-களில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண் தன் சமையலறைப் பழக்கத்திலிருந்து யோசனை சொல்லித்தான் அது ஆராய்ச்சிக்குள் வந்தது. சூடாக அகர் ஊற்றும்போதெல்லாம் ஒரு வாசம் வரும். கரையில் காயப்போட்ட பாசியின் வாசம். காலையில் எட்டு மணிக்கு, இவ்வளவு தூரத்தில், நான் உன் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அந்த அம்மா சொன்ன கடையிலேயே வாங்கிய கையுறை இரண்டு ஜோடி, முங்குகிற கண்ணாடி ஒன்று. வருகிற பௌர்ணமிப் பாசிக்குள் வந்துவிடும். துணி சுற்றுவதை விட்டுவிட்டுக் கையுறையைப் போட்டுப் பார். விரல் நுனி மரத்துப்போய், பாசி எது பார் எது என்று தெரியாமல் போனால் போடாதே, எனக்குச் சொல், மெல்லிசாக வேறு அனுப்புகிறேன். கண்ணாடி உனக்குப் பெரிதாக இருந்தால் சித்திக்குக் கொடு.

உன் மகள்