மணத்தைக் கேட்கிறவர்கள்

அன்புள்ள செல்வத்துக்கு,

நலம், நலமறிய ஆவல். மாடியில் தனியறை கட்டி முடித்து, மாலை வேளைகளில் அங்கே உட்கார்ந்து படிக்கிறாய் என்று நீ எழுதியதைப் படித்து மனம் நிறைந்தது. ஒசாகாவில் எங்களுக்கு இது இரண்டாவது குளிர்காலம். சன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் இந்த மாதங்களில் எனக்குக் கிடைத்த ஓர் இன்பத்தை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

இங்குள்ள ஊதுவத்தியின் நடுவே மூங்கில் குச்சி கிடையாது. தபு என்னும் மரத்தின் பட்டைத் தூளோடு சந்தனம், அகில், கிராம்பு, பட்டை ஆகியவற்றின் பொடியைச் சேர்த்துப் பிசைந்து, நாம் இடியாப்பம் பிழிவதுபோல் அச்சில் பிழிந்து, வெயில் படாமல் உலர்த்துகிறார்கள். மூங்கில் எரியும் வாடை குறுக்கிடாததால், சேர்த்த சரக்கின் மணம் மட்டுமே எழுகிறது. அதுவும் மிக மெல்ல. முதல் நாள் ஒன்றுமே மணக்கவில்லை என்று ஏமாந்து கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோதுதான், வீடு முழுவதும் பழைய சந்தனப் பெட்டியைத் திறந்து வைத்தாற்போல் இருந்தது.

வத்தியைக் கிண்ணத்துச் சாம்பலில் நட்டு வைக்கிறேன். புதைந்த அடிப்பகுதி காற்றின்றி அணைந்துவிடும். அந்தத் துண்டுகளைச் சேர்த்து வைத்துச் சாம்பலின்மேல் படுக்கவைத்து ஏற்றினால், நுனிவரை எரிந்து வெள்ளைக் கோடாகக் கிடக்கிறது.

கி.பி. 595-இல் அவாஜித் தீவில் ஒரு பெரிய அகில் கட்டை கரையொதுங்கியதாம். தீவு மக்கள் விறகென்று எண்ணி அடுப்பில் வைக்க, புகை நெடுந்தொலைவு மணக்கவே, அதை அரசிக்குக் காணிக்கையாக்கினார்கள் என்று நிஹோன் ஷோகி என்னும் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. இன்றும் ஜப்பானிய ஊதுவத்தியில் பெரும்பகுதி அந்தத் தீவில்தான் தயாராகிறது என்பது எனக்குத் தீராத வியப்பு.

மணத்தை முகர்வது என்று சொல்லாமல் கேட்பது என்று சொல்லும் ஒரு கலையும் இங்கே உண்டு. சென்ற மாதம் ஒரு கடையில் அதைக் கற்றுக்கொடுத்தார்கள். கனலும் கரித்துண்டைச் சாம்பலுக்குள் புதைத்து, மேலே குவித்த சாம்பலின் உச்சியில் மெல்லிய மைக்காத் தகட்டை வைத்து, அதன்மேல் நகக்கண் அளவுகூட இல்லாத அகில் சீவலை இட்டார்கள். புகையே எழவில்லை. கிண்ணத்தை இடக்கையில் ஏந்தி, வலக்கையால் குவித்து மூடி, மூன்று முறை மூச்சிழுக்க வேண்டும். முதலில் இலேசான கசப்பு. மூன்றாம் மூச்சில் சொல்லில் அடங்காத ஓர் இனிமை. கூந்தலுக்குப் புகையூட்டினார்கள் என்று தமிழ் வகுப்பில் நாம் சேர்ந்து படித்த அகிலை, இத்தனை வயதில், இத்தனை தொலைவில் வந்துதான் அறிந்தேன். அப்போது நீ பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.

பொங்கலுக்கு ஊர் வரும் நண்பரிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறேன். உன் மாடியறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் ஏற்று. கீழே இறங்கிப்போய், அரை மணி நேரம் கழித்துக் கதவைத் திற. என்ன கேட்டது என்று எனக்கு எழுது.

என்றும் அன்புடன்,
உன் குமரன்