சந்தாக் கொப்பி

அன்பு மகன்,

நான் சுகம். முழங்கால் வலி முன்பு போலத்தான். நேரத்துக்குச் சாப்பிடு. பணம் அனுப்பச் சொல்லி எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன் கோல் எடுக்க நேரமில்லாவிட்டால் பரவாயில்லை, இதையாவது வாசி. கடைசிக் காம்பரா வீட்டுப் பிள்ளை போட்டோ எடுத்து அனுப்புவாள்.

நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற கான் வெட்டி முடிந்துவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு ஒரு ஆள். போன நவம்பர் டித்வா புயல் மழையில் மேல் வரிசையில் இரண்டு காம்பராவின் பின்சுவர் விழுந்ததுதானே. கான் முழுக்கக் குப்பையும் மண்ணும். தண்ணீர் போக வழியில்லாமல் சரிவுக்குள்ளேயே ஊறியிருக்கிறது. அன்று விடியும்வரை அம்மாயி "மீரியபெத்தை, மீரியபெத்தை" என்று முனகிக்கொண்டே இருந்தார். அங்கே மண் சரிந்து லயங்களை மூடிய 2014 அக்டோபர் 29க்குப் பிறகு மழை இரவில் அவர் படுத்து நான் பார்த்ததில்லை. உனக்குத் தெரியாததா.

பெரியப்பாதான் நூல் பிடித்தார். அலவாங்கைத் தூக்க முடியாத மனுஷன், வாய் மட்டும் ஓயவில்லை. "தேயிலைக்குள் வெட்டுகிற கானில் இடைக்கிடை குழி விடுவோம், மண் அடித்துப் போகாமல் அதில் தங்கும். இது ஆள் குடியிருக்கிற இடம். இங்கே ஒரு சொட்டு நிற்கக் கூடாது, ஓடைக்கு ஓட வேண்டும்" என்று சொல்லிச் சொல்லி வெட்டவைத்தார். டவுனில் பிறந்த பையன்களுக்கு இது எங்கே தெரியும்? வாயைப் பிளந்து கேட்டார்கள்.

எல்லாவற்றையும் தொடங்கியது கடைசிக் காம்பராப் பிள்ளை. உன்னோடு ஓ எல் சோதனை எழுதினாளே, அவள்தான். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். கொடுத்த இடத்தில் பதில் வரும்வரை விடவில்லை, மண்ணை அள்ள லொறி வந்தது. தாத்தா காலத்தில் கையெழுத்து வாங்கி என்ன பயன்? 1948இல் நம் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்துக்கொண்டார்கள், நம் வீட்டுக்கு அது திரும்பி வந்தது 2003இல். ஓட்டில்லாத லயத்தின் கானை எவன் எட்டிப் பார்ப்பான்? உனக்கும் அவளைப் போலப் பேச வரும். பள்ளிக்கூடத்தில் நீ பேசினால் அதிபரே நின்று கேட்பார். இப்போது அம்மாவோடு பேசத்தான் வார்த்தை இல்லை. சரி, விடு.

மழை அளக்கவும் ஒன்று செய்திருக்கிறாள். ஒரே அகலமான பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, அடியில் சீமெந்து ஊற்றி மட்டமாக்கி, பள்ளிக்கூட அடிமட்டத்தை ஒட்டியிருக்கிறாள். 75, 100, 150 மில்லிமீற்றரில் சிவப்புக் கோடு. கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் சொல்கிற கணக்காம். ஒரு நாளில் 75 வந்தால் விழிப்பாக இரு, 100க்குப் பையைக் கட்டு, 150க்கு வெளியேறு. காலை ஆறு மணிக்கு நான்தான் பார்த்து எழுதுகிறேன். இன்று 12.

நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே படுக்க இடம் இருக்கிறதுதானே? பழைய கம்பனியில் நீ இல்லை என்று யாரோ சொன்னார்கள். யார் என்று கேட்காதே. நானும் எதுவும் கேட்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். 2012இல் உன் வேலைக்கு ஏஜென்சிக்குக் கட்டிய பணம் அம்மாயியின் தோட்டை அடகுவைத்தது என்று உன்னிடம் சொன்னேன். தோடு பதினெட்டாயிரத்துக்குத்தான் போனது. மிச்சம் நாற்பதாயிரம் மரண உதவிச் சங்கத்துக் காசு. அந்தக் காசு போட்டுவைத்த பிஸ்கட் டின் என்னிடம்தானே இருந்தது. மூன்று மாதத்தில் வைத்துவிடலாம் என்று எடுத்தேன். ஐந்தாவது வாரத்தில் பீலிக்கரைத் தாத்தா செத்துப்போனார். டின்னைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பெட்டி வாங்கக் கடைக்காரரிடம் கடன் கேட்டுப் போனார்கள், மகன். நான் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சதம் விடாமல் கட்டினேன். ஆனால் அதோடு யாரும் சந்தா கொடுக்கவில்லை. சங்கம் போனதும் சிரமதானமும் போனது. தன் வாசலைத் தவிர எவரும் எதையும் தொடவில்லை. அந்தக் கான் நிறைந்தது அப்படித்தான். மேல் வரிசைச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பிசைகிறது. ஒருவரும் என் முகத்துக்கு நேரே கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பதின்மூன்று வருஷம்.

இப்போது சங்கத்தைத் திரும்பத் தொடங்கினார்கள். கொப்பியை என்னிடம் நீட்டினார்கள். கை நடுங்கிவிட்டது. கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். பெரியப்பாதான் முதலில் பேசினார்: "தெரியும் பிள்ளை. நீ எழுது, டின் வேறு வீட்டில் இருக்கட்டும்." பௌர்ணமி தோறும், போயாவுக்குப் போயா, கணக்கைச் சத்தமாக வாசிக்கிறோம். முதல் தரம் வாசித்தபோது தொண்டை அடைத்தது. வீட்டுக்கு வந்து அன்று நன்றாகத் தூங்கினேன்.

கடன் கிடன் ஏதாவது இருந்தால் சொல். எவ்வளவு என்று மட்டும் சொல். நான் திட்ட மாட்டேன், திட்ட எனக்கு என்ன இருக்கிறது.

நம் வீட்டுப் பக்கத்தில் உன் பெயரையும் எழுதியிருக்கிறேன், மாதம் நூறு ரூபாய், நான் கட்டுகிறேன். பிள்ளை போனோடு வந்துவிட்டாள். நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா