அதே இசையைத்தான் போடுகிறீர்களாமே: எல்.டி.ஜே. புக்கெமுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள எல்.டி.ஜே. புக்கெம் அவர்களுக்கு,

வணக்கம். டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான இங்கிலாந்து நடன இசையைக் கேட்பவர்கள் நாலு பேர் கூடிப் பேசும்போது, அதன் டிஜேயும் இசையமைப்பாளருமான உங்கள் பெயர் வந்தால், "அவர் இன்னும் அதே இசையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்" என்று ஒருவராவது சொல்லிவிடுகிறார். அது பாராட்டா, புகாரா என்பது சொல்பவரின் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். நீங்கள் உண்மையிலேயே எதை மாற்றவில்லை என்பதை அவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்று எனக்குப் படுவதால் இந்தக் கடிதத்தை உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் 'குட் லுக்கிங்' இசைத்தட்டு லேபிளைத் தொடங்கிய 1991-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரேவ் அரங்குகளில் ஓடியது ஹார்ட்கோர். வேகம் கூட்டியதால் குழந்தைக் குரலாகிவிட்ட பாடகிகளின் சாம்பிள்கள் (வேறு பதிவுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள்), இடித்துத் தள்ளும் பியானோ, காதைக் கிழிக்கும் சின்தசைசர் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்த காலம் அது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தக் கொண்டாட்டம் இருண்டு போனது. திகில் படங்களிலிருந்து எடுத்த அலறல்களும் உறுமல்களும் உள்ளே வந்தன. இந்த இரண்டுக்கும் நடுவே, 1992-இல், 'டீமன்ஸ் தீம்' என்று பேயின் பெயரை வைத்துக்கொண்டு, பயமுறுத்தும் எண்ணமே இல்லாத ஓர் இசைத்தட்டை வெளியிட்டீர்கள். 1993-இல் 'அட்லாண்டிஸ்', 'மியூசிக்' என்ற இரண்டும் வந்தன. சிறுவயதில் முறையாகப் பியானோ கற்றவர் என்பதும், பிறகு ஜாஸ் ஃபியூஷன் கேட்டு வளர்ந்தவர் என்பதும் அவற்றின் சுரக்கூட்டுகளிலேயே தெரிகிறது. அங்கே ஒரு சுரக்கூட்டு மெல்ல அடுத்ததில் கரைகிறது, அது முழுதாகக் கரையும் வரை நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்.

உங்கள் இசையை 'மென்மையானது' என்று ஒதுக்குபவர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது டிரம்ஸைத்தான். வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் கிரெகரி கோல்மன் 1969-இல் ஒரு பாட்டின் நடுவே தனியாக வாசித்த ஆறேழு நொடி டிரம்ஸ்தான் டிரம் அண்ட் பேஸுக்குத் தாயான ஜங்கிள் இசை முழுவதற்கும் விதை. மற்றவர்கள் கசக்கிப் பிழிந்து துப்பாக்கிச் சூடாக மாற்றிய அதே ஆறேழு நொடியைத்தான் நீங்களும் எடுத்தீர்கள், அதே வேகத்தில்தான் ஓட்டினீர்கள். (கோல்மன் அதற்காக ஒரு காசும் பார்க்காமலே 2006-இல் இறந்துபோனார் என்பது இந்த இசையை நேசிக்கும் யாருக்கும் நெஞ்சில் முள்ளாகத் தைக்க வேண்டிய விஷயம்.) டிரம்ஸ் நிமிடத்துக்கு 160, 170 அடி என்று பொழியும்போது, பேஸ் அதில் பாதி வேகத்தில் நிதானமாக நடக்கிறது; சின்தசைசரோ அந்தப் பாதியிலும் பாதிக்கு இறங்கி, மூச்சு விடும் கதியில் அசைகிறது. எங்கள் ஊர்க் கச்சேரியில் பாடகர் சௌக்க காலத்தில் ஒரு வரியை இழைத்துக்கொண்டிருக்க, மிருதங்கம் அதே ஆவர்த்தனத்துக்குள் மேல்காலத்தில் பின்னிக்கொண்டு போவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமே அல்ல. துரிதமும் சௌக்கமும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஒரே தாளத்தில் இருக்க முடியும் என்பதை டிரம் அண்ட் பேஸில் உங்கள் அளவுக்குத் தெளிவாகக் காட்டியவர் வேறு யாரும் இல்லை என்பது என் கருத்து.

இப்படிப்பட்ட இசைக்கு அன்று கிளப்களில் இடம் கிடைக்கவில்லை. 1994-இல் லண்டனின் மார்ஸ் பாரில் டிஜே ஃபேபியோவும் நீங்களும் 'ஸ்பீட்' நிகழ்ச்சியில் வாசிக்கத் தொடங்கியது, அந்த இடத்தை நீங்களே உண்டாக்கிக்கொண்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. அதே ஆண்டில் ஜமைக்கா பாணிக் குரல்களைக் கொண்ட ராகா ஜங்கிள் பிரிட்டனின் வெற்றிப் பட்டியலுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. வெற்றி எந்தத் திசையில் இருக்கிறது என்பது கண்முன்னே தெரிந்தது. தெரிந்தும் நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதன்பின் பத்திரிகைகள் ஒரு வேலை செய்தன. உங்கள் இசைக்கு 'அறிவார்ந்த' டிரம் அண்ட் பேஸ் என்று பட்டம் கட்டின. அந்தப் பட்டம் உங்களுக்குச் செய்த நன்மையைவிடத் தீமையே அதிகம் என்று நினைக்கிறேன். உங்களை அறிவாளி என்றால், அதே களத்தைச் சேர்ந்த டிலின்ஜாவும் ரண்டாலும் ஹைப்பும் யார்? கறுப்பின இளைஞர்களும் வெள்ளைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து கட்டிய ஓர் இசையை, வரவேற்பறைக்கு ஏற்றது, ஏற்காதது என்று பிரிக்கும் ஏற்பாடாகவே அது இருந்தது. உங்கள் இசைத்தட்டுகளை வரவேற்பறையில் கேட்கலாம்தான். ஆனால் அவற்றின் அடித்தள பேஸ் சிறிய ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது என்பதை அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

1996-இல் வந்த 'லாஜிக்கல் புரோகிரஷன்' தொகுப்புதான் லண்டனுக்கு வெளியே இருந்த என்னைப் போன்ற பலருக்கு உங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. பி.எஃப்.எம்., பெஷே, பிளேம், அக்வேரியஸ் என்ற பெயரில் மறைந்திருந்த ஃபோட்டெக், பின்னாளில் ஜப்பானிலிருந்து மகோட்டோ என உங்கள் லேபிளின் வழியே வந்தவர்களின் வரிசை சிறியதல்ல. அதே நேரத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் வாழ்த்து மடலாகிவிடும். 1990-களின் கடைசியில் குட் லுக்கிங் வெளியிட்ட பலவற்றில் உங்கள் சாயல் இருந்தது, உங்கள் பொறுமை இல்லை. அதே மின் பியானோ, அதே பெண் குரல் முணுமுணுப்பு, அதே அலை ஓசை. வாய்பாடு தெரிந்தவர் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்ற நிலை வந்தது. 2000-இல் நீங்களே வெளியிட்ட 'ஜர்னி இன்வர்ட்ஸ்' இரட்டை ஆல்பத்தில் வேகத்தைக் குறைத்து ஜாஸ், சோல் (soul) இசைகளைத் தொட்டுப் பார்த்ததை, அந்த வாய்பாட்டிலிருந்து விலகும் முயற்சியாகவே நான் கேட்டேன். முழுதாகக் கைகூடியது என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் இன்றும் திரும்பக் கேட்கிறேன்.

அதே ஆண்டுகளில் வெளியே காற்று வேறு பக்கம் வீசியது. எட் ரஷ், டிரேஸ், நிக்கோ ஆகியோரின் 'நோ யூ-டர்ன்' கூட்டம் டிரம்ஸை உலோகத் தகடாக்கி, பேஸை முறுக்கிப் பிழிந்து டெக்ஸ்டெப் என்ற பாணியை நிறுவியது. அதையும் நான் விரும்பிக் கேட்பவன்தான். ஆனால் அதன் பின்வந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் மொத்தக் களமும் ஒரே ஒரு கணத்தை நோக்கி ஓடத் தொடங்கியது: டிராப். ஏற்றம், ஒரு நொடி அமைதி, பேஸ் வந்து விழுதல், கூட்டத்தின் கூச்சல், உடனே அடுத்தது. இரண்டு பாடல்களின் டிராப்பை ஒரே புள்ளியில் விழவைக்கும் கலையில் ஆண்டி சி. என்ற டிஜே மேதை, அவர் செய்யும்போது அது வித்தை, அவரைப் பார்த்துச் செய்பவர்களிடம் அது வெறும் அவசரம்.

நிமிடத்துக்கு 170 அடி என்றால் ஒரு பார், அதாவது நான்கு அடி, ஒன்றரை நொடிக்கும் குறைவு. 32 பார் முடிய ஏறக்குறைய 45 நொடி ஆகும். இன்று பெரிய திருவிழா மேடைகளில் பல பாடல்களுக்குக் கிடைக்கும் மொத்த ஆயுளே அவ்வளவுதான். நீங்களோ அந்த 45 நொடியை, டிரம்ஸ் இன்னும் வராத ஒரு பாடலின் முன்னுரைக்கே கொடுக்கிறீர்கள். பழைய பாடலின் டிரம்ஸுக்கு மேல் புதிய பாடலின் சுரம் மட்டும் மெல்லிசாகக் கசிந்து வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று காது தேடுகிறது. பழையதன் பேஸை நீங்கள் திருகிக் குறைக்கிறீர்கள். கேட்பவர் எந்த நொடியில் எந்தப் பாடலுக்குள் இருக்கிறார் என்பது அவருக்கே தெரியாமல் ஒன்றரை, இரண்டு நிமிடம் ஓடிவிடுகிறது. சுருதி பொருந்தாத இரண்டு பாடல்களை இப்படி நீளமாக ஒன்றின் மேல் ஒன்று கிடத்த முடியாது, உடனே பிசிறு தட்டிவிடும். அதனால் உங்கள் மிக்ஸில் அடிக்கு அடி பொருத்துவது பாதி வேலைதான். சுரத்துக்குச் சுரம் பொருத்துவதுதான் மீதி. நீங்கள் மாற்றாமல் வைத்திருப்பது இந்த நேரக் கணக்கைத்தான் என்பேன். பாடல்களை நீங்கள் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறீர்கள். 2009-இல் வந்த உங்கள் 'ஃபேப்ரிக்லைவ்' தொகுப்பை எடுத்துக்கொண்டால், அதைப் பழைய புகழின் கண்காட்சி என்று யாரும் சொல்ல முடியாது.

உங்கள் 'ஹொரைசன்ஸ்' பாடலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1995-இல் வந்தது. அமெரிக்கக் கவிஞர் மாயா ஏஞ்சலூவின் குரல் அதில் ஒலிக்கிறது. வேறொருவர் கையில் இந்தக் குரல் கிடைத்திருந்தால், கூட்டத்தைக் கைதட்ட வைக்கும் முழக்கமாக அது மாறியிருக்கும். நீங்கள் அதை ஒரு வாத்தியமாக வைத்திருக்கிறீர்கள். அவர் பேசி முடித்த பிறகும் அவருடைய நிறுத்தமும் ஏற்ற இறக்கமும் சுரக்கூட்டுகளில் தொடர்கின்றன. பின்பகுதியில் டிரம்ஸ் முழு வீச்சில் இறங்கும்போது, மேலே சுரங்கள் கொஞ்சமும் பதறாமல் தம் போக்கில் நகர்வதைக் கேட்டுத்தான், உங்கள் இசையை ஓய்வுக்கான இசை என்று விற்றவர்கள் எவ்வளவு தவறாக விற்றார்கள் என்று புரிந்துகொண்டேன்.

டிஜேயின் இசைக்கு மேல் மைக்கில் பேசும் எம்.சி.யான கான்ராடைக் குறிப்பிடாமல் உங்களுக்கு எழுத முடியாது. அவர் 2024 ஏப்ரல் 30 அன்று மறைந்தார். 1990-களின் தொடக்கத்திலிருந்து உங்கள் பக்கத்தில் நின்றவர். 'புரோகிரஷன் செஷன்ஸ்' பதிவுகளை அவர் குரல் இல்லாமல் என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. டிஜே எத்தனை நேரம் காத்திருக்கிறாரோ அத்தனை நேரம் வாயைத் திறக்காமல் இருக்கத் தெரிந்த எம்.சி. கிடைப்பது அரிது. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பது மேடை ஏறியவர்களுக்குத் தெரியும். சுரம் ஒலிக்கும்போது ஒதுங்கி, டிரம்ஸ் வந்ததும் அதன் இடுக்குகளில் மட்டும் சொற்களை வைத்து, மறுபடியும் விலகிக்கொள்வார். உங்கள் நிதானத்தைக் கூட்டத்துக்குப் புரியவைத்ததில் பாதிப் பங்கு அவருடையது. அவர் இல்லாத மேடையில் நீங்கள் தொடர்வது எப்படி இருக்கும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. உங்களுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் என் அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்போது இருபது வயதில் இருப்பவர்கள் இந்த இசைக்குத் திரும்பியிருக்கிறார்கள். பாடகி பிங்க்பாந்தரஸ் 2021-இல் ஆடம் எஃப்-இன் 'சர்க்கிள்ஸ்' பாடலை எடுத்துத் தன் பாட்டாக்கினார். நியா ஆர்க்கைவ்ஸ் ஜங்கிளை மீண்டும் பெரிய மேடைகளில் ஏற்றியிருக்கிறார். இவர்களுடைய பாடல்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. அது அவர்கள் காலத்தின் அளவு, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பாடல்களின் வேரைத் தேடி வருகிறவர்களுக்குக் கிடைப்பது உங்கள் இசையின் ஒரு நிமிடத் துண்டுகளும், யாரோ பதிவு செய்து ஏற்றிய கரகரத்த ஒலிநாடாக்களும்தான். உங்கள் இசையைத் துண்டாகக் கேட்டால் அழகான பின்னணி ஓசை மட்டும் மிஞ்சும், காத்திருப்பு போய்விடும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். முழு இரவும் நீங்கள் ஒருவரே வாசிக்கும் நிகழ்ச்சி ஒன்று அமைந்தால், அதை மிக்சரிலிருந்து நேரடியாகப் பதிவு செய்து, வெட்டாமல், பகுதிகளாகப் பிரிக்காமல், ஆறு மணி நேரமானாலும் அப்படியே வெளியிடுங்கள். விலை வைத்தால் வாங்கிக்கொள்கிறோம். பாடல் பட்டியல்கூடத் தர வேண்டாம். எது யாருடையது என்று மாதக்கணக்கில் சண்டை போட்டுக் கண்டுபிடித்துக்கொள்வது எங்களுக்குப் பழக்கமான வேலைதான்.

அன்புடன்,
உங்கள் நேயர்களில் ஒருவன்